போசான் தெரியும்... போஸ் தெரியுமா? டாக்காவில் எழுதிய கட்டுரை பெர்லின் சுற்றிப் போன கதை

2012 ஜூலை 4. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகம் ஒரு புதிய துகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. ஹிக்ஸ் போசான். அன்று முழுக்க டிவியிலும் ஃபேஸ்புக்கிலும் அதே பேச்சுதான். பீட்டர் ஹிக்ஸ் அந்த அரங்கத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட காட்சி உலகம் முழுக்கப் போனது. அடுத்த வருடமே நோபல் பரிசும் வாங்கினார்.

பெயரின் இரண்டாவது பாதியைப் பற்றி அன்று பேசியவர்கள் கம்மி. இத்தனைக்கும் அந்தப் பாதிதான் பெரியது. பிரபஞ்சத்தில் இருக்கும் அடிப்படைத் துகள்கள் எல்லாவற்றையும் இரண்டே குடும்பத்துக்குள் அடக்கிவிடலாம். ஒன்று ஃபெர்மியான், இன்னொன்று போசான். இத்தாலியரான என்ரிகோ ஃபெர்மியின் பெயர் முதல் குடும்பத்துக்கு. இரண்டாவது குடும்பத்துக்குக் கல்கத்தாக்காரரான சத்யேந்திர நாத் போஸின் பெயர். வைத்தவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் பால் டிராக்.

உலகத்தின் பாதித் துகள்களுக்குப் பெயர் கொடுத்த இந்த மனிதர் முனைவர் பட்டம் வாங்கியதில்லை. நோபல் பரிசும் இல்லை. அவரை உலகத்துக்குக் காட்டிய கட்டுரையின் நீளம் நாலே பக்கம். அந்த நாலு பக்கம் அச்சேற, அவர் எழுதிய மொழியை விட்டு வேறு மொழிக்கும், அவர் பெயரை விட்டு வேறு ஒருவரின் கைக்கும் போக வேண்டியிருந்தது.

அது எப்படி? ஏன்?

ரயில்வே ஊழியரின் ஒரே மகன்

1894 ஜனவரி 1-ல் கல்கத்தாவில் பிறந்தார் சத்யேந்திர நாத். அப்பா சுரேந்திரநாத், கிழக்கிந்திய ரயில்வேயின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர் இவர், மற்ற ஆறு பேரும் தங்கைகள். இந்து பள்ளியில் படித்தபோது கணக்கு வாத்தியார் நூற்றுக்கு 110 மார்க் போட்டார் என்று ஒரு கதை உண்டு. ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் போட்டுக் காட்டினாராம்.

பிரசிடென்சி கல்லூரியில் இளங்கலை, முதுகலை இரண்டிலும் முதலிடம். 1915-ல் எம்.எஸ்சி. முடித்தபோது இரண்டாம் இடத்தில் வந்த வகுப்புத் தோழர் மேகநாத் சாஹா. நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்க வழி சொன்ன அதே சாஹா. அப்படி ஒரு செட்!

அவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ஜெகதீஷ் சந்திர போஸ். சொந்தக்காரர் இல்லை, பெயர் ஒற்றுமை மட்டும்தான். செடிகளும் தூண்டினால் மின் அதிர்வு காட்டும் என்று 1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்துகாட்டியவர் அவர். அங்கே உடலியலில் பெரிய ஆளாக இருந்த பர்டன் சாண்டர்சன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டுரை அச்சாகாமல் சொசைட்டியின் ஆவணக் கிடங்குக்குப் போனது. ஜெகதீஷ் தன் ஆய்வுகளைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார். அதாவது, லண்டனில் ஒருவர் தலையசைக்காவிட்டால் கல்கத்தாவில் செய்த வேலை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு உதாரணம் தேடி சத்யேந்திர நாத் வெளியே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உதாரணம் வகுப்பறையிலேயே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

புத்தகம் கிடைக்கல, மொழியும் தெரியல

1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரியில் போஸும் சாஹாவும் சேர்ந்தார்கள். முதுகலை மாணவர்களுக்கு நவீன இயற்பியலை எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவர்களே அதை இனிமேல்தான் படிக்க வேண்டும்! அன்று இயற்பியலில் நடந்த பெரிய விஷயங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடந்தன. பிளாங்க், ஐன்ஸ்டைன், போல்ட்ஸ்மான் எல்லோரும் எழுதியது ஜெர்மனில். உலகப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஜெர்மன் புத்தகங்கள் வர வழியில்லை.

சிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த பால் ஜோஹன்னஸ் ப்ரூல் என்ற ஐரோப்பியப் பேராசிரியரின் வீட்டு அலமாரிதான் இவர்களுக்குக் கை கொடுத்தது. கடன் வாங்கிப் படித்தார்கள். படிப்பதற்காகவே ஜெர்மன் கற்றுக்கொண்டார்கள். போஸ் பிரெஞ்சும் கற்றார்.

கற்றதோடு விடவில்லை. ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 1920-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. முன்னுரை எழுதியவர் புள்ளியியல் அறிஞர் பி.சி.மஹலனோபிஸ். அந்தக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது அதுதான் முதல் முறை. லண்டனிலோ நியூயார்க்கிலோ வரவில்லை, கல்கத்தாவில் வந்தது. போஸுக்கு அப்போது 26 வயது.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐன்ஸ்டைனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் போஸ். நாலு வருடம் கழித்து இது அப்படியே தலைகீழாக நடக்கும்.

ரெண்டு ரூபாய் கணக்கு

1921-ல் புதிதாகத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்தும்போது ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சூடான பொருள் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி விடும் என்பதற்கு 1900-ல் பிளாங்க் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார். சூத்திரம் சரி. ஆனால் அதற்குப் போகும் வழி சரியில்லை. பாதி தூரம் ஒளியை அலை என்று வைத்துக்கொண்டு போவார்கள், மீதி தூரம் துகள் என்று மாற்றிக்கொள்வார்கள். ஐன்ஸ்டைன் போட்ட வழியிலும் ஓட்டை இருந்தது. மாணவர்கள் முன்னால் நின்று இதை எப்படி நேர்மையாகச் சொல்வது?

போஸ் ஒளியை முழுக்க முழுக்கத் துகளாகவே வைத்துக் கணக்குப் போட்டார். பிளாங்க் சூத்திரம் நேராக வந்து விழுந்தது. ரகசியம் அவர் துகள்களை எண்ணிய விதத்தில் இருக்கிறது.

உங்களிடம் இரண்டு ஒரு ரூபாய் நோட்டு இருக்கிறது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நோட்டிலும் தனி நம்பர் இருக்கிறது. இரண்டும் அண்ணனுக்கு, இரண்டும் தம்பிக்கு, முதல் நோட்டு அண்ணனுக்கு இரண்டாவது தம்பிக்கு, அதையே மாற்றிப் போட்டு இன்னொன்று. மொத்தம் 4 வழி. இதையே ஜிபேயில் அனுப்பினால்? வங்கிக் கணக்கில் இருக்கும் ரூபாய்க்கு நம்பர் கிடையாது. 2-0, 0-2, 1-1. மூன்றே வழிதான். இந்த ரூபாயா அந்த ரூபாயா என்ற கேள்விக்கே அங்கே அர்த்தமில்லை.

ஒளித் துகள்கள் நோட்டு மாதிரி இல்லை, அக்கவுண்ட் பேலன்ஸ் மாதிரி. போஸின் எண்ணிக்கை முறை சொன்னது இதைத்தான். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் விளைவு பெருசு. நோட்டுக் கணக்கில் இரண்டும் ஒரே ஆளிடம் சேர வாய்ப்பு பாதி. ஜிபே கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது இந்த வகைத் துகள்கள் கூட்டமாகச் சேரவே விரும்பும். லேசர் வேலை செய்வதற்கு அடியில் இருப்பது இந்தக் குணம்தான்.

இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறோம் என்பது எழுதும்போது தனக்கே முழுசாகப் புரியவில்லை என்று பின்னாளில் போஸ் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

லண்டனில் என்ன நடந்தது?

கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி, லண்டனில் இருந்து வந்த ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ ஆய்விதழுக்கு அனுப்பினார் போஸ். பல மாதம் கழித்து அங்கே இருந்து சாதகமான பதில் வரவில்லை, கட்டுரை ஏற்கப்படவில்லை என்பதுதான் காலம் காலமாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே இதழ் 1918-லும் 1920-லும் போஸின் கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறது. எனவே, இந்தியர் என்றதும் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடிப்பது சரியாக இருக்காது. முன்பு வந்தவை பழகிய பாதையில் ஓரடி தள்ளி வைத்தவை. இந்த முறை வந்தது பாதையையே மாற்றிய கட்டுரை. அதிலும் ஒளி துகள்தான் என்பதை அன்றைய பெரிய இயற்பியலாளர்களில் பலர் நம்பவில்லை, நீல்ஸ் போர் உட்பட. கேம்பிரிட்ஜில் இருந்து ஒருவர் இப்படி எழுதியிருந்தால், என்ன சொல்ல வருகிறார் என்று இரண்டாவது முறை படித்துப் பார்த்திருப்பார்கள். டாக்காவில் இருந்து வந்ததற்கு அந்த இரண்டாவது வாசிப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை.

புவியியல் பாகுபாட்டில் சிக்கலே இதுதான். யாரும் ‘நீ டாக்காக்காரன், அதனால் வேண்டாம்’ என்று எழுதி வைப்பதில்லை. சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்ற இடத்தில்தான் ஊர் பெயர் உள்ளே நுழைகிறது.

ஜூன் 4 கடிதம்

1924 ஜூன் 4-ல் போஸ் நேராக ஐன்ஸ்டைனுக்கே எழுதினார். கட்டுரையை இணைத்து, படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். தேறும் என்று தோன்றினால் ‘ட்சைட்ஷ்ரிஃப்ட் ஃப்யூர் ஃபிசிக்’ என்ற ஜெர்மன் இதழில் வெளிவர ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்டார். கட்டுரையை மொழிபெயர்க்கும் அளவுக்குத் தனக்கு ஜெர்மன் போதாது என்பதையும் சொன்னார். முன்பின் தெரியாதவர் ஆனாலும், உங்கள் எழுத்தில் படித்த எல்லோருமே உங்கள் மாணவர்கள்தானே என்ற உரிமையில் கேட்பதாக எழுதினார். சார்பியல் கட்டுரைகளை மொழிபெயர்க்கக் கல்கத்தாவில் இருந்து அனுமதி கேட்டார்களே, அதில் பொதுச் சார்பியலைச் செய்தது நான்தான் என்று ஒரு சின்ன அறிமுகம் வேறு. லண்டன் இதழைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. மறுக்கப்பட்ட சரக்கு என்று சொல்லி யார்தான் கடை விரிப்பார்கள்?

முப்பது வயது ரீடர். ஐரோப்பாவை மிதித்ததே இல்லை. எழுதியது உலகிலேயே மிகப் பிரபலமான விஞ்ஞானிக்கு. நம்ம ஊர் வாசகர்களுக்கு உடனே ராமானுஜன் ஞாபகம் வரும். 1913-ல் சென்னைத் துறைமுகக் கழக குமாஸ்தாவாக இருந்த அவர் ஹார்டிக்கு எழுதுவதற்கு முன்பு கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கும் எழுதி, ஒன்றும் நடக்கவில்லை. காலனி நாட்டு விஞ்ஞானிக்கு அன்று இருந்த வழி இதுதான். வாசல் கதவு திறக்காது, ஜன்னல் வழியாக யாராவது எட்டிப் பார்க்க வேண்டும்.

ஐன்ஸ்டைன் எட்டிப் பார்த்தார். பார்த்தது மட்டுமல்ல, தானே உட்கார்ந்து கட்டுரையை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஜூலை 2-ம் தேதி அது இதழின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததாகப் பதிவு. அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு ஒன்றையும் சேர்த்தார். இது முக்கியமான முன்னேற்றம், இதே முறை வாயுக்களுக்கும் பொருந்தும், அதைத் தான் வேறு இடத்தில் விளக்கப்போவதாக அதில் சொன்னார். எட்டே நாளில், ஜூலை 10-ல், பிரஷ்ய அறிவியல் கழகத்தில் அந்த விளக்கத்தைச் சமர்ப்பித்தும்விட்டார். போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியல் பிறந்தது இப்படித்தான்.

கடல் தாண்டிய தபால் பயணம் உட்பட மொத்தமே நாலு வாரம். லண்டனில் மாதக்கணக்கில் நகராத அதே நாலு பக்கம். ஒரு சமன்பாடு கூடப் புதிதாகச் சேரவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டதா?

இன்றைக்கு ஆய்விதழ்களில் ‘பியர் ரிவியூ’, அதாவது சக அறிஞர் மதிப்பீடு, கட்டாயமான நடைமுறை. கட்டுரை வந்ததும் ஆசிரியர் அதை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் சொல்வதை வைத்து முடிவு. பல இதழ்களில் மதிப்பீடு செய்பவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. ஆனால் எழுதியவர் யார், எந்தப் பல்கலைக்கழகம், எந்த நாடு என்பது மதிப்பீடு செய்பவருக்குத் தெரியும். திரை ஒரு பக்கம் மட்டும்தான்.

இது எவ்வளவு வேலை செய்யும்? 2022-ல் வெளியான ஒரு ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பொருளாதார நோபல் பெற்ற வெர்னான் ஸ்மித்தும், பெரிதாக அறியப்படாத ஓர் இளம் ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரை. சில மதிப்பீட்டாளர்களுக்கு ஸ்மித் பெயரை மட்டும் காட்டினார்கள், சிலருக்கு இளையவர் பெயரை மட்டும், சிலருக்குப் பெயரே இல்லாமல். நிராகரிக்கச் சொன்னவர்கள்: இளையவர் பெயர் இருந்தபோது சுமார் 65 சதவீதம், பெயரே இல்லாதபோது 48, ஸ்மித் பெயர் இருந்தபோது 23. கட்டுரை ஒன்றுதான், ஒரு எழுத்து மாறவில்லை.

மொழிக் கணக்கு இன்னும் மோசம். 8 நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் விஞ்ஞானிகளிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி மறுக்கப்படுவது சுமார் 2.5 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆங்கிலத்தைச் சரிசெய்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படுவது 12.5 மடங்கு. சென்னையிலோ கொழும்பிலோ பிஎச்.டி. செய்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், ‘தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் ஒருவரிடம் காட்டித் திருத்தவும்’ என்ற வரியை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

1924-ல் அந்த ஜெர்மன் இதழில் இப்படிப்பட்ட சல்லடை எல்லாம் பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐன்ஸ்டைன் அனுப்பினால் அச்சாகும், அவ்வளவுதான். ஆக, போஸைக் காப்பாற்றியது நல்ல நடைமுறை கிடையாது. நல்ல மனதுள்ள ஒரு பெரிய பெயர்.

மொழிபெயர்ப்பில் காணாமல் போன ஒன்று

பெரிய பெயரின் கைக்குப் போனால் இன்னொன்றும் நடக்கும். போஸின் கணக்கில் ஓர் இடத்தில் எல்லாவற்றையும் 2-ஆல் பெருக்க வேண்டியிருந்தது. இந்த 2 எங்கிருந்து வருகிறது? ஒளித் துகளுக்குச் சுழற்சி போன்ற ஒரு குணம் உண்டு, அது இரண்டு விதமாக இருக்கலாம், அதனால்தான் 2 என்பது போஸ் எழுதி அனுப்பிய விளக்கம் என்கிறார்கள் அவரிடம் நேரில் கேட்டவர்கள். ஜெர்மன் பிரதியில் அது இல்லை. ஒளியின் முனைவாக்கம் காரணமாக 2-ஆல் பெருக்க வேண்டும் என்று பழைய அலைக்கொள்கை வாசனையுடன் ஒரு வரி மட்டும் இருக்கிறது. பெரியவர் அடித்துவிட்டார் என்று போஸ் கசப்பே இல்லாமல் சொல்லுவாராம்.

ஏழு வருடம் கழித்து, 1931-ல், திருச்சியில் பிறந்த சி.வி.ராமனும் அவருடைய மாணவர் எஸ்.பகவந்தமும் ஒளித் துகளுக்குச் சுழற்சி உண்டு என்பதைச் சோதனையில் காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே, இந்த எண்ணம் போஸிடம் இருந்து வந்தது என்று குறிப்பிட்டார்கள். வெளியிட்டது இந்திய இயற்பியல் ஆய்விதழ். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே ஜூன் மாதம் இரண்டாவது கட்டுரை ஒன்றையும் போஸ் அனுப்பியிருந்தார். அதையும் ஐன்ஸ்டைன் மொழிபெயர்த்தார். ஆனால் இந்த முறை, தனக்கு இதில் உடன்பாடில்லை என்று காரணங்களோடு அடியில் எழுதிச் சேர்த்தார். போஸ் அந்தக் கட்டுரையைக் கடைசி வரை மதித்தார். மற்றவர்கள் ஐன்ஸ்டைனின் குறிப்போடு படித்து மூடிவிட்டார்கள். கைதூக்கிவிட்ட பெயரே கதவையும் சாத்தியது, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்.

தபால் அட்டையே பாஸ்போர்ட்

முதல் கட்டுரை நன்றாக இருக்கிறது என்று ஐன்ஸ்டைன் ஒரு தபால் அட்டை போட்டிருந்தார். அந்த அட்டை டாக்காவில் செய்த வேலை கொஞ்ச நஞ்சமல்ல. இழுத்துக்கொண்டிருந்த இரண்டு வருட வெளிநாட்டு விடுப்பு சட்டென்று கிடைத்தது. ஜெர்மன் தூதரகம் கட்டணம் வாங்காமல் விசா கொடுத்தது. கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் டாக்காவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கையெழுத்து எல்லோருக்கும் புரிந்தது.

1924 அக்டோபரில் பாரிஸ். மேரி கியூரியின் ஆய்வகத்தில் வேலை கற்க ஆசைப்பட்டு நேரில் போனார். கியூரி அன்போடு ஆங்கிலத்தில் பேசினார். முன்பு வந்த ஓர் இந்தியர் மொழி தெரியாமல் சிரமப்பட்டார், நீங்கள் சில மாதம் பிரெஞ்சு படித்துவிட்டு வாருங்கள் என்றார். போஸுக்கு நன்றாகவே பிரெஞ்சு தெரியும். அதைச் சொல்ல இடைவெளி கிடைக்கவில்லை, கூச்சம் வேறு. தலையாட்டிவிட்டு வந்தார்.

ஒரு வருடம் கழித்து பெர்லினில் ஐன்ஸ்டைனை நேரில் பார்த்தார். பேசினார்கள், பழகினார்கள். சேர்ந்து எதுவும் எழுதவில்லை. 1926-ல் டாக்கா திரும்பியபோது பேராசிரியர் பதவி காலியாக இருந்தது. போஸிடம் டாக்டர் பட்டம் இல்லை. மறுபடியும் ஐன்ஸ்டைனின் சிபாரிசுக் கடிதம்! அப்போதும் முதலில் வேறொருவருக்குப் போன வாய்ப்பு, அவர் வேண்டாம் என்றதால் போஸுக்கு வந்தது. உலகப் பாடப்புத்தகங்களில் பெயர் ஏறத் தொடங்கிய பிறகு நடந்தது இது.

ராயல் சொசைட்டி உறுப்பினர் கௌரவம் ராமனுக்கு 1924-ல் கிடைத்தது. வகுப்புத் தோழர் சாஹாவுக்கு 1927. போஸுக்கு 1958. அந்தப் புகழ்பெற்ற கட்டுரைக்கு 34 வருடம் கழித்து. இவர் இன்னும் உறுப்பினராக இல்லை என்பது தெரிந்து ஆச்சரியப்பட்ட டிராக்தான் முயற்சி எடுத்தார் என்பார்கள். 1956, 1959, 1962 ஆண்டுகளில் நோபலுக்கு இந்தியப் பேராசிரியர்கள் அவரைப் பரிந்துரைத்தார்கள். குழுவுக்காக மதிப்பீடு செய்த ஸ்வீடன் இயற்பியலாளர் ஆஸ்கர் க்ளைன், பரிசு அளவுக்கு இல்லை என்று முடிவு சொன்னார். போஸ்-ஐன்ஸ்டைன் கணிப்பின்படி அணுக்களை உறைநிலைக் கூட்டமாக 1995-ல் செய்துகாட்டிய மூன்று பேருக்கு 2001-ல் நோபல் கிடைத்தது.

போஸ் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. வாழ்நாளில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் சுமார் இரண்டு டஜன்தான். எஸ்ராஜ் வாசிப்பார், பூனைகள் வளர்ப்பார், வீட்டுக்கு வரும் மாணவர்களோடு மணிக்கணக்கில் பேசுவார். போட்டி போட்டு எழுதித் தள்ளும் ஆள் இல்லை. அங்கீகாரம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை.

வங்காளியில் அறிவியல்

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விடாப்பிடியாக இருந்தார். மொழி.

1945-ல் கல்கத்தா திரும்பியவர், 1948-ல் ‘பங்கிய விஞ்ஞான் பரிஷத்’ அமைப்பைத் தொடங்கினார். ‘ஞான் ஓ விஞ்ஞான்’ என்ற வங்காளி மாத இதழும் வந்தது. அறிவும் அறிவியலும் என்று அர்த்தம். தாகூர் 1937-ல் தன் ஒரே அறிவியல் நூலான ‘விஸ்வ பரிசய்’ புத்தகத்தை போஸுக்குத்தான் சமர்ப்பித்திருந்தார்.

வங்காளியில் கதை, கவிதை சரி, குவாண்டம் எல்லாம் எழுத முடியுமா என்று கேட்டவர்கள் ஏராளம். நமக்கும் ரொம்பப் பழக்கமான கேள்விதான். கலைச்சொல் எங்கே, படிக்க ஆள் எங்கே, வேலைக்கு உதவுமா என்று. 1962-ல் ஜப்பான் போனபோது அங்கே விஞ்ஞானிகள் தங்கள் மொழியிலேயே உயர்மட்ட விவாதம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே மட்டும் ஏன் முடியாது என்று திருப்பிக் கேட்டார். அடுத்த வருடமே, 1963-ல், ‘ஞான் ஓ விஞ்ஞான்’ ஒரு சிறப்பிதழ் போட்டது. உள்ளே இருந்தவை எளிமையான அறிமுகக் கட்டுரைகள் இல்லை, முழுக்க அசல் ஆய்வுக் கட்டுரைகள். வங்காளியில்.

இத்தனைக்கும் அவர் ஆங்கில எதிரி கிடையாது. ஜெர்மன் படித்தார், 1950-களில் ஒருங்கிணைந்த புலக் கோட்பாடு பற்றிப் பிரெஞ்சிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். நாலு மொழியில் அறிவியல் செய்தவருக்கு, ஒரு மொழிதான் வாசல் என்று சொன்னது மட்டும் பிடிக்கவில்லை.

1974 பிப்ரவரி 4-ல் கல்கத்தாவில் போஸ் காலமானார். அவர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய ஆங்கில மூலப் பிரதி கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்று அந்தக் கட்டுரையை ஆங்கில வாசகர்களுக்காக வெளியிட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஜெர்மனுக்குப் போன கட்டுரையை, ஜெர்மனில் இருந்து திரும்பவும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து. 2-ஆல் பெருக்கும் இடத்தில் முனைவாக்கம் என்ற வார்த்தைதான் அதிலும் இருக்கிறது.